பூத்த சவுக்கும் பூக்காத குதிரைவாலும்

இன்று காலை மாமல்லபுரம் சாலையில் பேருந்துக்காக நின்றபோது, காற்றில் ஒடிந்த சவுக்குக் கிளை ஒன்று காலடியில் கிடந்தது. அதில் சிவப்புத் துணுக்குகளாகப் பூ. கையில் எடுத்ததும் உன் குரல்தான் கேட்டது: "இதாண்டி பூவு. நல்லா பாரு."

செங்கல்பட்டில் நாம் தாவரவியல் படித்த கடைசி வருடம். மலைச் சுற்றுலாவில் ஓடைக்கரையிலிருந்து கொண்டுவந்த குதிரைவால் செடியைப் பார்த்து, வகுப்பில் பாதிப் பேர் சவுக்குக் கன்று என்றார்கள். அதே கணு, அதே வரி, கணுவைச் சுற்றி அதே சின்னப் பற்கள். "இது சவுக்கே இல்ல. சவுக்கு வெறகுலதான் எங்க வூட்ல சோறே வேவுது. எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தாய்.

மறுநாளே உன் ஊர் புதுப்பட்டினத்திலிருந்து பூத்த சவுக்குக் கிளையோடு வந்தாய். இரண்டின் தண்டையும் பிளேடால் சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்தாய். குதிரைவாலுக்கு நடுவில் வெறும் குழாய். சவுக்கோ உள்ளே கெட்டி. ஒன்று பெரணிபோலப் பூவே அறியாமல் தூள்தூளாக ஸ்போர் உதிர்ப்பது, மற்றது பூத்துக் காய்ப்பது. எல்லாவற்றையும் நீதான் வரைந்தாய். பக்கத்தில் பெயர்களை எழுதியது மட்டுமே நான்.

அந்தப் படங்களை அட்டையில் ஒட்டிக் கல்லூரிக் கண்காட்சியில் வைத்த அன்று உன் அப்பாவுக்கு நெஞ்சுவலி, நீ வரவில்லை. எங்கள் துறை மேடம் அவற்றின் முன் வெகுநேரம் நின்றார்.

"யாரும்மா இதப் பண்ணது?"

"நான்தான் மேடம்."

யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. உன் பெயரையும் சேர்த்துச் சொல்ல ஒரு மூச்சு போதும். சொல்லவில்லை.

நீ திரும்பி வந்து, என் பெயர் மட்டும் இருந்த அட்டையைப் பார்த்தாய். "இன்னாடி, என் பேர எழுத எடமில்லயா?"

"அவசரத்துல விட்டுப்போச்சு" என்றேன். அதற்குப் பிறகு நீ கேட்கவே இல்லை. மேடம் தந்த பரிந்துரைக் கடிதத்தோடு நான் ஆராய்ச்சிக்குப் போனேன். நீ வேலைக்கு மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸில் ஏறினாய்.

போன மாதம் காமாலையில் நீ போய்விட்டாய் என்று கேள்விப்பட்டு உன் வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன்னப் பத்திதான் பேசிகினே இருப்பா. 'நான் வரைஞ்சி குடுத்த படத்தாலதாம்மா அவ இன்னிக்குக் காலேஜ் டீச்சரா கீறா'ன்னு பெருமையா சொல்லுவா. நெஜமாம்மா?"

கொடுத்ததாகச் சொல்லியிருக்கிறாய். நான் திருடியதாக உன்னைப் பெற்றவளிடம்கூடச் சொல்லவில்லை.

"ஆமாம்மா, அவதான் குடுத்தா" என்றேன்.

உண்மையைச் சொல்ல எனக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரே ஆள். அவரிடமும் பொய் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். 'குடுத்தா' என்ற அந்த ஒரு சொல்லைச் சுமந்துகொண்டுதான் இப்போது தினமும் வகுப்புக்குள் நுழைகிறேன்.