நீ அதைக் குடித்தாயா, சுதன்?

அன்பு மச்சான் சுதனுக்கு,

இன்று 2006 நவம்பர் 18, சனிக்கிழமை. காலை பத்து மணி பத்து நிமிடம். என் குசினி நிலத்தில் ஐம்பத்திரண்டு போத்தல்கள் நிற்கின்றன. எங்கள் கிறீம் ஏல் பியர், ஆறாவது தடவை. முதல் ஐந்தும் நீயும் நானும் சேர்ந்து செய்தது. இது நான் தனியே செய்தது.

நாளை உன் ஆட்டைத் திவசம், முதல் வருடம். நீ போனது போன வருடம் நவம்பர் முப்பதில். திதிக் கணக்கில் பதினொரு நாள் முந்தி வந்துவிட்டது. அந்தக் கணக்கு எனக்கு விளங்குகிறது. மற்றது ஒன்றும் விளங்கவில்லை.

பத்திரிகையில் உன் படத்துக்குக் கீழே போட நாலு வரி கவிதை எழுதித் தரும்படி உன் சின்னமாமா கேட்டார். "பாதி வழியில எண்டு தொடங்கு தம்பி, மிச்சம் தானா வரும்" என்றார். எனக்கு வராது. நான் தண்ணீர் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறவன். கண்டதை எழுதத்தான் தெரியும். அதனால் இதை எழுதுகிறேன். உன் அம்மா ஓம் என்றால் அச்சுக்குப் போகும். இல்லையென்றால் உனக்கும் எனக்கும் மட்டும்.

நேற்றுப் பின்னேரம் உன் அம்மா போன் எடுத்தார். "வேலை முடிஞ்சுதோ? ஒருக்கா வந்திட்டுப் போ." நான் இருக்கிற செயின்ட்-மிஷேலில் இருந்து மெற்றோவில் மூன்று நிறுத்தம், பிறகு வில்லரேயில் உங்கள் வீட்டுக்கு ஆறு நிமிட நடை. கதிரை தூக்க ஆள் தேவைப்படுகிறது போல என்று நினைத்துத்தான் போனேன். அம்மா திவசத்துக்காக உன் அலுமாரியைத் துப்புரவாக்கியிருந்தார். மேசையில் உன்னுடைய நீல மட்டைக் கொப்பி கிடந்தது.

அந்தக் கொப்பி வீட்டில் இருக்கிறதென்று நீ எனக்கு ஏன் சொல்லவில்லை?

"இது என்ன தம்பி?"

"பியர் செய்யிற குறிப்பு, அன்ரி."

"ஆர் செய்தது?"

"நானும் அவனும். என்ர வீட்டில."

"எவ்வளவு காலமா?"

"ஒரு ஒண்டரை வருசம்."

அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கண்ணாடியைப் போட்டு, ஒரு பக்கத்தில் விரலை வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாசித்தார். "தொண்டையில் உரசவில்லை. சோள இனிப்பு போன தடவையை விடக் குறைவு. இன்னொரு கிளாஸ் கேட்கிறது." கண்ணாடியைக் கழற்றினார். "குடிக்காதவன் இப்பிடி எழுதுவானோ?"

மச்சான், உனக்குத் தெரிந்ததை இதை வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உன் அப்பா குடித்துக் குடித்தே செத்தவர். அப்போது உனக்குப் பதினேழு வயது. பிள்ளையார் கோயில் வாசலில் கற்பூரத்தைக் கொளுத்தி, வெறுங்கையால் அடித்து அணைத்து, ஒரு சொட்டும் தொடமாட்டேன் என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்தாய். அதற்குப் பிறகுதான் அம்மா உன்னைக் கூட்டிக்கொண்டு கனடா வந்தார். இதை நீயே எனக்குச் சொன்னாய். சொன்ன அடுத்த கிழமையே, "பியர் செய்து பாப்பமே?" என்றும் கேட்டாய். நான் ஏன் என்று கேட்கவில்லை. எனக்கு வெப்பநிலையும் அடர்த்தியும் அளக்கிற வேலை கிடைத்தால் வேறொன்றும் கேட்கத் தோன்றுவதில்லை.

நீ போன எட்டாம் நாள், உன் எட்டுச் செலவுப் படையல் அன்றும் நான் வாய் திறக்கவில்லை. படையலில் கணவாய்க் கறி, ரோல்ஸ், இஞ்சிச் சோடா, எல்லாம் உனக்குப் பிடித்தவை. சின்னமாமா ஒரு பியர் ரின்னைக் கொண்டுவந்து வாழையிலையின் ஓரத்தில் வைத்தார்.

"எடு அதை" என்றார் அம்மா.

"ஆம்பிளைப் பிள்ளை அக்கா. ஒண்டு வைக்கிறது வழக்கம்தானே."

"என்ர பிள்ளை தொடாதவன். எடு."

"சரி, சரி. நான் தொட்டவன்தானே. நானே கொண்டு போறன்."

துக்க வீட்டிலும் நாலு பேர் சிரித்தார்கள். நான் சுவரோடு நின்றேன். என் வீட்டில், நீ போவதற்கு நாலு நாள் முந்தி நாமிருவரும் செய்த ஐந்தாவது தடவை, இருபது லீற்றர், வாளியில் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போய் முழுவதையும் சிங்கில் ஊற்றினேன். அது ஏன் என்றும் இன்றுவரை விளங்கவில்லை. அதில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

இப்போது அம்மாவின் பிரச்சினை இதுதான். ஐயர் செய்விக்கிற திவசமும் மரக்கறிச் சமையலும் நாளை காலையோடு முடிந்துவிடும். பின்னேரம் உனக்குத் தனியாக ஒரு படையல் வைக்கப் போகிறார்.

"அவன் குடிச்சவன் எண்டால், அவனுக்குப் பிடிச்சதை நான் அண்டைக்கு இலையில இருந்து எடுத்து எறிஞ்சிருக்கிறன். என்ர பிள்ளை ஒரு வருசமாக் குறையோட நிக்குது. குடிக்காதவன் எண்டால், நாளைக்கு அதை வைச்சு அவன்ர சத்தியத்தை நானே கெடுத்துப் போடுவன். எனக்கு ரெண்டில ஒண்டு தெரியோணும். குடிச்சவனோ, இல்லையோ?"

"தெரியாது அன்ரி."

"கூட இருந்தனி. எப்பிடித் தெரியாது?"

"தெரியாது."

உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் அந்த முகத்துக்கு முன்னால் அது பொய் மாதிரி இருந்தது. அம்மா கொப்பியை என் பக்கம் தள்ளினார். "கொண்டு போய் வாசி. நாளைக்குப் பொழுதுபடுறதுக்குள்ள சொல்லு. நான் சமையல் தொடங்கோணும்."

நாளை என்று அவர் சொன்னது இன்றைக்கு.

காலையிலிருந்து யோசிக்கிறேன். கடையில் டப்பாவில் விற்கிற பார்லிப் பாகு வாங்கித் தண்ணீரில் கரைத்துப் பியர் செய்கிறவர்கள்தான் கூட. நீதான் தானியத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாய். முளைக்கவிட்டுக் காயவைத்த பார்லி மூன்றரைக் கிலோ, சோள அவல் எண்ணூறு கிறாம். பேரில்தான் கிறீம். பாலுமில்லை, ஆடையுமில்லை. வைக்கோல் நிறத்தில் மெல்லிய பியர். இருக்கிறதிலேயே லேசானதைச் செய்வோம் என்றாய். அதற்கும் நான் காரணம் கேட்கவில்லை.

முதல் தடவை ஞாபகம் இருக்கிறதா? உடைத்த பார்லியைச் சூடு போகாத ஐஸ்பெட்டிக்குள் போட்டு, அறுபத்தைந்து பாகைச் சுடுதண்ணீரில் எழுபத்தைந்து நிமிடம் ஊறவைக்க வேண்டும். நான் தண்ணீர்ச் சூட்டை அளந்துவிட்டுத் திரும்ப, நீ சிங்கில் நின்று பார்லியை அரிசி மாதிரி மூன்று தண்ணீரில் களைந்துகொண்டிருக்கிறாய்! வெள்ளை வெள்ளையாக மா முழுவதும் குழாயோடு போகிறது.

"டேய் விசரா, அதுதானடா சீனியா மாற வேணும்!"

"கழுவாமல் எப்பிடியடா போடுறது? எத்தினை பேர் கை வைச்சதோ!"

அந்தத் தடவை வந்தது பியர் இல்லை, கஞ்சித் தண்ணீர். அடுத்த தடவையும் உன் கை தானாகக் குழாய்க்குப் போனது. நான் அடித்தேன்.

ருசி பார்க்கிற நாட்களும் ஞாபகம் இருக்கிறது. நீ ஊற்றுவாய். கிளாஸை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாய். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோவாய், நெடுநேரம். பிறகு கொப்பியை எடுப்பாய்.

"சொல்லு."

"நல்லாயிருக்கு."

"நல்லாயிருக்கு எண்டால் என்னடா? உப்புமாவும் நல்லாயிருக்கு, கலியாண வீடும் நல்லாயிருக்கு. ஒழுங்காச் சொல்லு."

நான் சொல்லுவேன். நீ எழுதுவாய். அம்மா வாசித்தது முழுவதும் நான் சொன்னது, மச்சான். தொண்டையில் உரசவில்லை என்றது நான். இன்னொரு கிளாஸ் கேட்டதும் நான். அதை நேற்றே அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் நான் சொன்னதை நீ எழுதினாய் என்பதால் நீ குடிக்கவில்லை என்று ஆகிவிடாதே? மூக்கிலிருந்து கிளாஸை எடுத்த பிறகு நீ என்ன செய்தாய்? வாயில் வைத்தாயா? துப்பினாயா? சிங்கில் ஊற்றினாயா? எனக்கு ஒரு படமும் வரவில்லை. ஒன்றரை வருடம் ஒரே மேசை. நான் அடர்த்திமானியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வேறு வழியில் பார்த்தேன். முதலாவது குடிக்கிற நிலையில் இருக்கவில்லை, ஐந்தாவதை ஊற்றிவிட்டேன். இடையில் வந்த மூன்று தடவையிலும் சேர்த்து நூற்றைம்பது போத்தல். நான் குடித்தது, வேலையிடத்தில் கொடுத்தது, வெடித்த இரண்டு, எல்லாம் கூட்டினால் நூற்று முப்பத்தொன்பது. பதினொன்று உதைக்கிறது. நீ அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு போனதைக் கண்டிருக்கிறேன். யாருக்கு?

இன்று காலை எட்டரைக்கு, உன்னோடு கடைகளுக்குப் பாண் ஏற்றும் வான் ஓடிய மார்செலுக்குப் போன் எடுத்தேன். என் அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டேன். சுதன் எங்களுக்குத்தான் கொண்டுவந்து தருவான், "நான் தொடமாட்டன், வான் ஓட வேணும்" என்று சொல்லுவான் என்றான் மார்செல். எத்தனை போத்தல் என்று அவனுக்கு ஞாபகமில்லை. வான் ஓடாத நாளில் குடிப்பானா என்றேன். வான் ஓடாத நாளில் நான் ஏன் அவனைக் காணப்போகிறேன் என்று திருப்பிக் கேட்டான். நியாயமான கேள்வி. எனக்குக் கோபம் வந்தது. உன் மேலா, அவன் மேலா என்று தெரியவில்லை.

பிறகுதான் கொப்பியை முதல் பக்கத்திலிருந்து ஒழுங்காக வாசித்தேன். ஒவ்வொரு வரியையும், இது நான் சொன்னது, இது நான் சொன்னது என்று கோடு போட்டுக்கொண்டே போனேன். நாலாவது தடவையில், பக்கத்தின் அடியில், ஒரு வரிக்குக் கோடு போட முடியவில்லை.

"அப்பாவின் வாயில் வருகிற மணம் இதில் இல்லை."

உன் அப்பாவை நான் கண்டதே இல்லை. இதை நான் சொல்லியிருக்க முடியாது.

சுதன், இதைத்தானா நீ தேடினாய்? குடிக்கிற சாமானில்தான் அந்த மணம் இருக்கிறதா, அல்லது மனிசனில் இருந்ததா என்று பார்த்தாயா? இல்லாததைக் கண்டபிறகு உனக்கு ஆறுதலாக இருந்ததா, இன்னும் மோசமாக இருந்ததா? நாலாவதில் விடை கிடைத்துவிட்டால் ஐந்தாவதை ஏன் செய்தாய்? மணந்தே எழுதினாயா, விழுங்கிவிட்டு எழுதினாயா? அம்மா இந்த வரியைக் கண்டாரா? கண்டுவிட்டுத்தான் ஒன்றும் சொல்லாமல் என்னை வாசிக்கச் சொன்னாரா?

இந்த ஆறாவது தடவையை நான் ஒன்றரை மாதத்துக்கு முன் தொடங்கினேன். அப்போது கொப்பி எங்கே என்று தெரியாது. கணினியில் நான் பதிந்துவைத்திருந்த எண்களை மட்டும் வைத்துச் செய்தேன். தொடக்க அடர்த்தி 1.046, முடிவில் 1.009, நாலாவதில் வந்தது அப்படியே. வியாழக்கிழமை ஒன்றைத் திறந்தேன். நல்லாயிருக்கு. அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. யாருக்காகச் செய்தேன் என்றும் தெரியவில்லை. படையலில் வைக்க நினைத்தேனா? எட்டாம் நாள் பேசாமல் நின்றதற்குப் பிராயச்சித்தமா? உன்னைப் போலவே நானும் காரணம் எழுதிவைக்காமல் விட்டுவிட்டேன்.

"இல்லை அன்ரி, அவன் தொடவேயில்லை" என்று சொன்னால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அம்மா நித்திரை கொள்வார். "ஓம், குடிச்சவன்" என்றாலும் முடிந்துவிடும், உன் இலையில் ஒன்றை வைத்துவிட்டு அழுவார். இரண்டுமே அவருக்கு உதவும். இரண்டில் ஒன்று பொய். எது என்று தெரியாமல் நான் எப்படிப் பொய் சொல்வது?

மணி பதினொன்று இருபது. அங்கே அம்மா வெங்காயம் உரிக்கத் தொடங்கியிருப்பார். இனி நான் செய்யப்போவது:

1. பன்னிரண்டுக்கு முன் மெற்றோ ஏறுவேன். இதைப் போனில் சொல்லமாட்டேன்.

2. எட்டாம் நாள் சுவரோடு நின்றதை முதலில் சொல்வேன். ஏசினால் வாங்கிக்கொள்வேன்.

3. கண்டதை மட்டும் சொல்வேன். மணந்ததைக் கண்டேன். விழுங்கியதைக் காணவில்லை. எழுதிய ருசி என்னுடையது. ஆறுதலுக்கென்று ஒரு சொல்லும் கூட்டமாட்டேன்.

4. நாலாவது தடவைப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைப்பேன். நான் வாசித்துக் காட்டமாட்டேன்.

5. ஒரு போத்தலைத் திறந்து கிளாஸில் ஊற்றி அம்மாவின் கையில் கொடுப்பேன். குடிக்க அல்ல, மணக்க. அந்த மணத்தோடு ஒரே வீட்டில் இருந்த ஆள் இனி அவர் ஒருவர்தான். நீ எழுதியது சரியா பிழையா என்று என்னால் சொல்ல முடியாது, அவரால் முடியும்.

6. அதன் பிறகு, இலையில் வைப்பதா விடுவதா என்று அவர் சொல்லட்டும். எதைச் சொன்னாலும், நாளை அந்த வீட்டில் சின்னமாமா உட்பட ஒருவரையும் அதைப் பகிடி பண்ண விடமாட்டேன். இது நான் உனக்குத் தருகிற வாக்கு.

உன் அம்மாவுக்கு மிஞ்சியிருக்கிற பிள்ளையாக இருக்கப் பார்க்கிற,
உன் மச்சான்
கோபி