வரேலாவுக்கு ஒரு வணக்கம்

2001 மார்ச் 6, செவ்வாய்

சனிக்கிழமை மத்தியானம் என் பேரன் தாரியோ டிவியில் பாடுகிறான். குழுவின் பெயர் ‘பூட்டு உடைப்பவர்கள்’. போலீசை ஏசும் பாட்டு, திருட்டைப் புகழும் பாட்டு. பாதிரியார் முகம் சுளிக்கிறார். சுளிக்கட்டும். இந்தக் குடிசைச் சந்திலிருந்து வேறு யார் பிள்ளை டிவிக்குப் போனான்?

மார்ச் 8

கும்பியா என்ற இந்த ஆட்டப்பாட்டைப் பாடுகிறவன் நடுநடுவே ஊரும் பேரும் சொல்லி வணக்கம் சொல்ல வேண்டும். அதற்காகவே பாதிப் பேர் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டு நெலிதா வந்தாள். அவள் மகன் ஃபபியான் ஒரு மாதமாகப் போலீசுக்குப் பயந்து ஒளிந்திருக்கிறான்.

“அக்கா, எம்புள்ளைக்கும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. தனியாக் கெடக்கான்.”

எங்கே என்று அவள் சொல்லவில்லை. எனக்கா தெரியாது? வரேலா ஊருக்கே போய் அவனுக்குத் துணிப்பை கொடுத்துவிட்டு வந்ததே தாரியோதான். வணக்கப் பட்டியலைத் தாரியோவுக்கு நானே எழுதிக் கொடுத்தேன். ஊர் இல்லாமல் வணக்கம் ஏது?

மார்ச் 10, சனி

டிவியில் தாரியோ சொன்னான்: “வரேலாவுல லூசி சித்தி வீட்டுல இருக்கிற நம்ம ஃபபியானுக்கு வணக்கம்! தைரியமா இருடா மாப்ளே!”

என்னோடு பார்த்துக்கொண்டிருந்த நெலிதா வாயைப் பொத்திக்கொண்டாள். சந்தோஷம் என்று நினைத்தேன்.

மார்ச் 12

விடிந்ததும் ஃபபியானைப் பிடித்துவிட்டார்கள். லூசி வீட்டுக் கட்டிலிலேயே.

மார்ச் 13

“வீட்டை எதுக்குப் பாட்டி எழுதுன? வெளிச்சம் கண்ணைக் கூசுது, தாள்ல இருந்ததை அப்படியே படிச்சுட்டேன்.” பிறகு மெதுவாக, “நீ எழுதுனதுன்னு மூச்சு விடாதே.”

விடவில்லை. பயமா? இல்லை — கௌரவம். அதுதான்.

மார்ச் 24

தாரியோ பாடப் போன நடனக் கூடத்தில் முதல் பாட்டுக்கே பீர் பாட்டில் பறந்து வந்ததாம். “காட்டிக்கொடுத்தவனே!” போலீசை ஏசிப் பேர் வாங்கிய பிள்ளை ஊர் கண்ணுக்குப் போலீசின் ஆளாகிவிட்டான். நெற்றியில் நாலு தையல். என் பெயரை அப்போதும் சொல்லவில்லை.

ஏப்ரல் 5

குழு கலைந்தது.

ஏப்ரல் 9

பொதுச் சமையற்கூடத்தில் இலவசச் சூப்புக்கு நின்ற வரிசையில், எல்லோரும் கேட்கச் சொன்னேன். “தாரியோ இல்ல. நான்தான் எழுதிக் குடுத்தேன். என் கையாலேதான்.”

ஒருத்தி சிரித்தாள். “உனக்கு எழுதத் தெரியுமாக்கா?”

கர்த்தர்மேல் ஆணையிட்டேன். நெலிதா என் தோளைத் தொட்டாள். “பேரன் பழியைத் தூக்கித் தன் தலையில வச்சுக்கிறாங்க. விடுங்கடி. நானும் பெத்தவதானே, எனக்குப் புரியுது.” என் சட்டியில் ஒரு கரண்டி அதிகம் ஊற்றச் சொன்னாள்.

ஏப்ரல் 20

தாரியோ ரொசாரியோ நகரத்துக்குச் செங்கல் சூளை வேலைக்குப் போய்விட்டான். வழியனுப்ப ஒருவரும் வரவில்லை.

ஏப்ரல் 27

தண்ணீர்க் குழாயில் எனக்கு இப்போது வரிசை கிடையாது. “அக்கா மொதல்ல பிடிக்கட்டும்,” என்று நெலிதா தன் வாளியை நகர்த்திவைக்கிறாள்.