செத்த லைன்

செவ்வாய், இரவு

தூக்கம் வரவில்லை.

இன்றைக்கு ஒரு பழைய வில்லாவில் வேலை. ஒரு பாதியில் குடும்பம் இருக்கிறது, மறுபாதியில் சமையலறையைப் படுக்கையறை ஆக்குகிறோம். சுவரில் ஓடிய கேஸ் பைப்பைக் காட்டி, "அது எப்பவோ செத்த லைன், அறுத்துடு, யல்லா, சீக்கிரம்" என்றார் சூப்பர்வைசர் பஷீர் பாய். எனக்கு மனசு ஒப்பவில்லை. மொட்டைமாடிக்குப் போய் சிலிண்டர் வால்வை மூடிவிட்டு வந்து கிரைண்டரை எடுத்தேன். அதற்குள் பக்கத்துப் பாதியில் இருக்கும் அக்கா கரண்டியும் கையுமாக வந்து நின்றார்.

"தம்பி, அடுப்பு அணைஞ்சிடுச்சு. நீங்க எதையாவது மூடினீங்களா?"

செத்த லைனாம்!

எங்கள் பக்கம் வரும் கிளைப் பைப்பை மட்டும் கழற்றி, முனைக்கு மூடி போட்டு, வால்வைத் திறந்து, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. இந்த வீடு சரி.

போன மாசம் தேரா ஏரியாவில் வேலை பார்த்த வீட்டில்? அங்கேயும் இதே பாய், இதே பேச்சு. நான் மாடிக்கே ஏறவில்லை. அறுத்தேன், கேஸ் வரவில்லை. முனையில் டேப்பைச் சுற்றி, மேலே ஜிப்சம் போர்டு அடித்துவிட்டு வந்தேன். அன்றைக்கு கேஸ் வராதது லைன் செத்ததாலா, சிலிண்டர் காலியாக இருந்ததாலா?

பாய்க்கு இப்போதுதான் போன் போட்டேன். "கலாஸ், விடு, காலையில பாக்கலாம், தூங்குடா" என்று வைத்துவிட்டார்.

அந்த வீட்டு ஆட்களின் நம்பர் என்னிடம் இல்லை. நேற்றுத்தான் குடி வந்தார்கள் என்று பாய் சொல்லியிருந்தார். புது சிலிண்டர் மாட்டாமலா சமைப்பார்கள்?

தேராவுக்குச் சொன்ன டாக்சி வந்துவிட்டது.