விட்டுப்போன அட்டை

விக்கிரமசிங்கபுரம்
7.7.96

அன்புள்ள ஆச்சிக்கு,

மீனு எழுதுவது. நான் நடத்தும் ஆறாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகள், ஒரே கம்ப்யூட்டர். திரையில் ஒரு ஆமை இருக்கும். 'முன்னால் போ', 'வலது திரும்பு' என்று கட்டளை கொடுத்தால் கோடு போட்டுக்கொண்டே நடக்கும். முறை கிடைக்காத பிள்ளைகள் பழகுவதற்காகக் கட்டளைகளை அட்டைகளில் எழுதியிருக்கிறேன். ஒரு கட்டு உங்களுக்கும் அனுப்புகிறேன். நீங்கள்தான் ஆமை. நம் வாசலில், வரிசைக் கடைசியில் இருக்கிற பைப்படியைப் பார்த்து நின்று, மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, இரண்டு வரிசை வீடுகளுக்கும் நடுவில் வளவு முற்றத்துக்குள் நடங்கள். சதுரமாகச் சுற்றி நம் வாசலுக்கே வந்துவிடுவீர்கள். சொந்த யோசனை கூடாது!

எதிர்வீட்டில் இருக்கிற உங்கள் தங்கச்சியோடு இன்னும் பேச்சு இல்லையா?

உங்கள்
மீனு

திருநெல்வேலி டவுண்
12.7.96

அன்பு மீனுவுக்கு ஆச்சி ஆசீர்வாதம்.

என் பேத்தி கம்ப்யூட்டர் டீச்சர் என்று தபால்காரரை நிறுத்திவைத்துச் சொன்னேன். என் அஞ்சாம் வகுப்புப் படிப்புக்கும் உன் எழுத்து தடங்கல் இல்லாமல் படிக்க வருகிறது.

ஆறு அடி. வலது. ஆறு அடி. அடுத்த அட்டையும் ஆறு அடி. நிமிர்ந்தால் எதிர்வரிசை. உன் தாத்தாவின் பதினாறாம் நாளுக்குத் தங்கச்சி மாரிக்கண்ணு வரவில்லை என்று மூன்று வருஷமாக நான் மிதிக்காத பக்கம். கால் நின்றுவிட்டது. சொந்த யோசனை கூடாது என்று எழுதியிருக்கிறாயே, நடந்தேன். வலது. ஆறு அடி. அட்டை முடிந்த இடம் மாரி வாசல்.

முறத்தோடு இருந்தவள், "என்னக்கா, வழி தப்பிட்டியா?" என்றாள்.

"நான் எங்கட்டி வந்தேன்? ஆமைல்லா வந்துச்சு!"

சிரிக்க ஆரம்பித்தவள் முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். என் படிப்பை நிறுத்தியபோது என் சிலேட்டை அவளிடம்தான் கொடுத்தேன். நான் எழுதியதை அழிக்க மனசில்லாமல் ரெண்டு நாள் பள்ளிக்கூடத்துக்கு அப்படியே கொண்டுபோனவள் அவள்.

எங்கே தப்பு? பிள்ளைகளுக்கும் இப்படிச் சொல்லிக்கொடுத்துவிடாதே.

காந்திமதி

விக்கிரமசிங்கபுரம்
16.7.96

ஆச்சி,

தப்பு என்னுடையது. ஒரு 'வலது திரும்பு' அட்டை என் மேசைக்கு அடியில் கிடந்தது. ஒரு அட்டை குறைந்தால் ஆமை எங்கே போகும் என்று உங்கள் கதையை வைத்தே பாடம் நடத்தினேன். வகுப்பே கைதட்டியது. அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டாவது ஆறு அடிக்குப் பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள்.

மீனு

திருநெல்வேலி டவுண்
20.7.96

மீனு,

அட்டை வந்தது. அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிட்டேன்.

மாரியும் நடந்து பார்க்க வேண்டுமாம். அவள் வாசலில் தொடங்குகிற மாதிரி ஒரு கட்டு அனுப்பு. அதிலும் அந்த அட்டையை வைக்காதே.

ஆச்சி