டேட்டாவைக் குடித்தது அவனில்லை

இவா,

நீ அசந்து தூங்குகிறாய், எழுப்ப மனசு வரவில்லை. எழுப்பினாலும் நேற்றைய சண்டைக்கு என்னோடு பேசமாட்டாய்.

என் போன் டேட்டாவைக் காலி பண்ணியது உன் தம்பி அட்ரியன் இல்லை. காலையில் லாப்டாப்பைத் திறந்தால், அப்டேட் முடிந்தது, ரீஸ்டார்ட் பண்ணு என்று நிற்கிறது. லாப்டாப் சிஸ்டத்தின் பழைய வெர்ஷனில் அந்த அப்டேட் சர்வீஸை நான் நிறுத்தி வைத்திருந்தேன். போன வாரம் புது வெர்ஷன் ஏற்றியதும் அது தானாகவே திரும்ப ஓட ஆரம்பித்துவிட்டது. என் போன் ஹாட்ஸ்பாட்டில் இருந்த டேட்டாவையெல்லாம் அதுதான் இழுத்திருக்கிறது. பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

"சத்தியமா நான் வீடியோ பாக்கல லா, அத்தான்" என்று அவன் எத்தனை தடவை சொன்னான்! "பொய் பேசாதடா" என்றேன். பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டுப் போய்விட்டான்.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பண்டார் பாருவுக்கு, அவன் ரூமுக்குப் போகிறேன். கோழிக் குழம்பு பிரிட்ஜில் இருக்கிறது, சூடு பண்ணி வை. வந்தால் கூட்டி வருகிறேன். கிரில் கதவுச் சாவி டிவி மேலே.

ரோனால்ட்

லாப்டாப்பைத் தொடாதே, நான் வந்து பார்க்கிறேன்.

இன்னொன்று. கிளம்பும்போதுதான் போனைப் பார்த்தேன். நேற்று இங்கிருந்து போன கையோடு எஸ்.எம்.எஸ். அனுப்பியிருக்கிறான்: "உங்க நம்பருக்கு டாப்அப் போட்டுட்டேன் அத்தான். அக்காகூட சண்ட போடாதீங்க."