பிள்ளைக் காம்பராவில் என் மகளுக்கு ஓர் இடம்

அனுப்புநர்:
ப. பாலு,
த/பெ பழனியாண்டி,
கீழ் லைன், வெண்பாறை எஸ்டேட்,
கட்டபெட்டு, கோத்தகிரி வட்டம்,
நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு தோட்டங்கள் ஆய்வாளர் அவர்கள்,
தொழிலாளர் துறை,
குன்னூர்.

பொருள்: எஸ்டேட் குழந்தைகள் காப்பகத்தில் என் மகளுக்கு இடம் மறுக்கப்பட்டது – என் பிழைக்குப் பழியேற்ற காப்பகப் பணியாளர் வீரம்மா மீதான நோட்டீசை விலக்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி எஸ்டேட்டின் தேயிலைத் தொழிற்சாலையில், உலர்த்தும் பிரிவில் வேலை செய்கிறேன். என் மனைவி சுமலதா அதே எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். எங்களுக்கு மூன்றரை வயதில் கீர்த்தனா என்றொரு மகள் இருக்கிறாள். இதில் எழுதப்போவதை நேரில் நின்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆகவே மனுவாக எழுதுகிறேன்.

2. சென்ற மழைக்காலத்தில் என் மனைவிக்கு மூச்சுத் திணறல் கண்டது. கோவைக்கு அழைத்துப் போனதில் இதய வால்வு பழுது என்றார்கள். ஆபரேஷனுக்கு முன் உடம்பு தேற வேண்டும், எடை தூக்கக் கூடாது, மேடு ஏறக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லைனில் மேடு ஏறாமல் கழிவறைக்குக்கூடப் போக முடியாது. ஒருநாள் அடுப்பு எரியும்போதே மயங்கி விழுந்துவிட்டார். பக்கத்தில் இருந்தது குழந்தை மட்டும்தான். காலில் அடிபட்டு வீட்டோடு இருக்கும் பக்கத்து வீட்டு அம்புரோஸ் அண்ணன் என் மனைவியை அவ்வப்போது எட்டிப் பார்த்துக்கொள்கிறார். ஓடுகிற குழந்தையின் பின்னால் அவரால் ஓட முடியாது. என் மாமியார் சோலூரில் கேரட் கழுவும் கூலி வேலையில் இருக்கிறார். அவராலும் வர இயலவில்லை.

3. அதுவரை குழந்தை எஸ்டேட் காப்பகத்தில் இருந்தாள். லைனில் அதைப் பிள்ளைக் காம்பரா என்போம். நெடுநாள் வேலைக்கு வராததால் என் மனைவியின் பெயரைச் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டிலிருந்து எடுத்தார்கள். காப்பகம் பெண் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு மட்டுமே என்று கூறி, அடுத்த வாரம் குழந்தையையும் நிறுத்தினார்கள். தாய் நடமாடியபோது இருந்த இடம், தாய் படுக்கையில் விழுந்தபோது இல்லாமல் போயிற்று. நானும் இதே எஸ்டேட் தொழிலாளிதானே என்று ஆபீசில் கேட்டேன். எழுத்தர் லிங்கசாமி அவர்கள், "ஏனுங்க பாலு, அம்மா பேரு இல்லாம நான் எந்த வரியிலிங்க எழுதறது?" என்றார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அங்கன்வாடியோ என் ஷிப்ட் தொடங்கி வெகுநேரம் கழித்துத்தான் திறக்கிறது.

4. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். பத்தாவது தேறினால் பாய்லர் பிரிவுக்கு மாற்றுவதாகவும், அந்த வேலைக்கு ரோட்டோரம் குவார்ட்டர்ஸ் உண்டு என்றும் தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் சொன்னார். அங்கே போனால் என் மனைவி மேடு ஏற வேண்டியதில்லை. அதற்காகத் தனித்தேர்வராகப் பணம் கட்டி, ஞாயிறுதோறும் கோத்தகிரியில் வகுப்புக்குப் போகிறேன். மற்ற நாளில் நான் குழாயடியில் துணி துவைக்க, என் மனைவி வாசலில் உட்கார்ந்து வரலாற்றுப் பாடத்தை வாசிப்பார். நான் திருப்பிச் சொல்வேன். பெண்டாட்டி சேலையை அலசிக்கொண்டே பாடம் ஒப்பிக்கிறான் என்று லைனில் சிரித்தார்கள். அதைப் பொறுத்துக்கொண்டேன். அடுத்து நான் செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

5. விடுப்பெல்லாம் தீர்ந்தபின், குழந்தையைத் தொழிற்சாலைக்கே கொண்டுபோய்ச் சாக்கு அறையில் மறைத்து வைத்தேன். இயந்திரங்கள் ஓடும் இடம் என்பது தெரிந்தே செய்தேன். யார் வந்தாலும் பேசக் கூடாது, என்னைக் கண்டாலும் அப்பா என்று கூப்பிடக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டே நாளில் கற்றுக்கொண்டாள்.

6. சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை மேனேஜர் அவர்கள் வெளியூர் வியாபாரிகளுடன் தொழிற்சாலையைச் சுற்றி வந்தார். சாக்கு அறை வாசலில் ஈரம் கசிந்திருந்ததைப் பார்த்து உள்ளே போனார்கள். சத்தம் போடக் கூடாது என்று அடக்கிக்கொண்டிருந்த குழந்தை, முடியாமல் உடையிலேயே சிறுநீர் கழித்திருந்தாள். யாருடைய குழந்தை என்று மேனேஜர் கேட்டார். அவள் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் தள்ளுவண்டியைப் பிடித்தபடி நின்றேன். வந்தவர்களில் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஐயா, வேலை போய்விடும் என்ற பயமும் எனக்கு இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், பயத்தைவிட அந்த வெட்கம்தான் என் வாயைக் கட்டியது. என் பிள்ளை என்று நான் சொல்லவில்லை.

7. காப்பகத்துக்கு வெந்நீர் எடுக்க வந்திருந்த வீரம்மா அக்கா நிலைமையைப் பார்த்தார். "நம்ம காம்பராப் புள்ளதாங்க சார், எனக்குத் தெரியாம ஓடி வந்துருச்சு" என்று கூறி, குழந்தையைத் தம் முந்தானையால் சுற்றித் தூக்கிப் போனார். குழந்தையைக் கவனியாமல் இயந்திரப் பகுதிக்குள் விட்டதாக அவருக்கு இப்போது நோட்டீசு வந்திருக்கிறது. அவர் வீட்டுக்குப் போய் நின்றேன். "நீ போய்ப் பரீட்சைய எழுது தம்பி, என்னைய என்ன பண்ணிருவாங்க" என்றார்.

8. நோட்டீசு வந்த அன்று மாலை என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்துவிட்டு, "அப்பவும் புள்ள உங்களப் பாக்கலையா?" என்று மட்டும் கேட்டார். பார்க்கவில்லை என்றேன். மறுநாள் மேனேஜரிடம் சென்று உண்மையைச் சொன்னேன். நோட்டீசு தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டது, இனித் தம் கையில் இல்லை என்றார். அன்றுமுதல் சம்பளமில்லா விடுப்பில் குழந்தையோடு வீட்டில் இருக்கிறேன்.

9. வீரம்மா பொய் சொன்னது என் குழந்தைக்காக. அவர் காப்பகத்திலிருந்து எந்தக் குழந்தையும் வழிதவறிப் போனதில்லை. எனவே அவர்மீதான நோட்டீசை விலக்கச் செய்து, அதை என் பெயருக்கு அனுப்பச் சொல்லுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என்ன தண்டனை வந்தாலும் ஏற்கிறேன். தாய் நோயுற்றிருக்கும்போது தகப்பன் பெயரிலும் குழந்தையைக் காப்பகத்தில் சேர்க்கலாம் என்று நிர்வாகத்துக்கு உத்தரவிட வேண்டுகிறேன். என் மகளுக்குக் கிடைக்காவிட்டாலும், இனி வரும் பிள்ளைகளுக்காவது கிடைக்கட்டும். தேர்வுக்காக நான் எந்தச் சலுகையும் கேட்கவில்லை.

10. விசாரணைக்கு எந்த நாளில் அழைத்தாலும் வருவேன். விட்டுவர இடமில்லாததால் குழந்தையையும் கூட்டி வருவேன். தங்கள் அறையில் அவள் என்னை அப்பா என்று சத்தமாகக் கூப்பிட்டால் தயவுசெய்து பொறுத்துக்கொள்ள வேண்டும். அப்படிக் கூப்பிடும்படி இப்போதுதான் அவளை மறுபடியும் பழக்கி வருகிறேன்.

இடம்: கட்டபெட்டு
நாள்: 17.02.2025

இப்படிக்கு,
தங்கள் முடிவுக்குக் காத்திருக்கும்,
ப. பாலு
(கீர்த்தனாவின் தந்தை)