பட்டை காட்டிய சுத்தமான படம்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை. எனக்குத்தான் சில நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, நோய் இல்லை, அருவருப்பு.

எங்கள் நுரையீரல் வார்டுக்குப் புதுக் கருவி வந்திருக்கிறது. நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டை, லேசாக மின்சாரம் விட்டுத் தோலில் அளந்து, உள்ளே எந்த இடம் எவ்வளவு கடத்துகிறது என்று கணக்குப் போட்டுத் திரையில் படம் காட்டும். காற்று கடத்தாது, நீர் கடத்தும். நீ இத்தனை வருஷம் மண்டையை உடைத்துக்கொண்ட அதே கணக்குதான். விற்க வந்தவன் தந்த நோட்டீஸில் உன் தேற்றத்தையே போட்டிருந்தான், வெளியே அளந்தால் உள்ளே இருப்பது ஐயமறத் தெரியும் என்று. பெருமையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போன வாரம் ஒரு பஸ் டிரைவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். திரையில் இரண்டு நுரையீரலும் பளிச்சென்று இருந்தன. "படம் சுத்தமா இருக்கு, வீட்டுக்கு அனுப்பிடுங்க" என்றார் எங்கள் தலைமை மருத்துவர். நான் முதுகில் தட்டிப் பார்த்தால் இடது பக்கம் கீழே மொத்தென்று கேட்கிறது. நீர் கோத்திருக்கிறது என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "உங்க பொண்ணு நிரூபிச்சதை நீங்களே நம்பலைன்னா எப்படி மேடம்" என்றார். குனிந்து பார்த்தேன், வியர்வையில் பட்டையில் பதித்த மின்முனைகளில் நாலைந்து தோலை விட்டு விலகி நிற்கின்றன, படமோ அசையவில்லை. விற்பனைக்காரனைக் கேட்டால், அளவு கிடைக்காத இடத்தில் ஆரோக்கியமான நெஞ்சைப் போல் கருவியே நிரப்பிக்கொள்ளுமாம். "பாக்க நல்லா இருக்கணும்ல மேடம்" என்றான், கூச்சநாச்சமில்லாமல். பிடிவாதமாக எக்ஸ்ரே எடுக்கவைத்தேன். ஊசி செருகி நீரை இறக்கியபோது குடுவை நிறைந்துவிட்டது, டிரைவரின் மனைவி அதைப் பார்த்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். தலைமை மருத்துவரோ அன்று மாலையே அடுத்த நோயாளிக்கு அதே பட்டையைக் கட்டச் சொன்னார், எருமை மேல் மழை பெய்தாற்போல.

நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய், "அம்மா, விளிம்பு முழுக்கத் துளி பிசகாம அளந்தாத்தான் அது உண்மை, வெளிய இம்மி தப்பினா உள்ள மலையளவு தப்பும்" என்று. அந்தப் பாதியை வெட்டி எறிந்துவிட்டு மீதியை விற்கிறார்கள். இனி பட்டை கட்டினாலும் எக்ஸ்ரே எடுக்காமல் யாரையும் அனுப்பமாட்டேன் என்று எல்லோர் முன்னும் சொல்லிவிட்டேன். என்னை வேறு பிரிவுக்கு மாற்றப்போவதாகப் பேச்சு. மாற்றட்டும். டிரைவர் நேற்று நடந்தே வீட்டுக்குப் போனார்.

உன்னை ஆலோசகராகக் கூப்பிடுவதாகப் போனில் சொன்னாயே, இந்தக் கருவியை விற்கிற அதே ஆட்கள்தான் கண்ணு. போகாதே என்று சொல்லமாட்டேன், சொன்னாலும் கேட்கிற ஜாதகமா உன்னுடையது. ஒன்று மட்டும் செய். போவதற்கு முன் அந்த நோட்டீஸை வாங்கிப் பார், வெட்டினதைத் திரும்பச் சேர்க்கச் சொல், முடியாது என்றால் தேற்றத்தை எடுத்துவிடச் சொல். உன் கணக்கில் தப்பில்லை, அதை நம்பிப் படுக்கிறவர்களுக்கு நீதான் பேச வேண்டும்.

குறைவில்லாமல் நன்றாக இரு. நேரத்துக்குச் சாப்பிடு, கண் டாக்டரிடம் போக மறக்காதே.

உன் நல்லதையே நினைக்கும்,
அம்மா